நான் துப்புரவாக்கிய பாட்டு

புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் ஒரு சரக்குக் கிடங்கில் என்னோடு வேலை செய்த மட்டக்களப்பு அண்ணைக்கு ‘கன்ட்ரி’ என்கிற ஆங்கில நாட்டுப்புறப் பாணியில் ஒரு பழைய காதல் பாட்டென்றால் உயிர். அதை யார் யார் திரும்பப் பாடினார்கள் என்று வரிசையாகச் சொல்லுவார். தானும் வீட்டில் பாடி ஃபோனில் பதிந்து வைத்திருந்தார்.

"இதைப் புது ஃபோனுக்கு மாத்தித் தா, தம்பி" என்று இரண்டு ஃபோனையும் தந்தார்.

கேட்டுப் பார்த்தேன். சுருதி சேராமல் கூடவே பாடும் ஒரு பெண்குரல், இரண்டாம் சரணத்தில் அந்தக் குரலின் இருமல். யூடியூபில் பாட்டுப் போடுகிறவன் நான், கை சும்மா இருக்குமா? இரண்டையும் துடைத்தெடுத்து, அண்ணையின் குரலையும் திருத்தினேன். அதைப் புது ஃபோனில் ஏற்றி, பழைய ஃபோனில் இருந்ததையெல்லாம் அழித்து, அண்ணை சொன்னபடி கடையில் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் இடைவேளையில் பெருமையோடு போட்டுக் காட்டினேன். முடியும்வரை கேட்டார்.

"இதில என்ர மனிசி எங்க?"

முந்தின மாதம்தான் அவர் மனைவியின் செத்தவீட்டுக்கு நானும் போயிருந்தேன். அப்படியிருந்தும் அந்தக் குரல் யாருடையதென்று யோசிக்கவில்லை.

"பழசு இருக்கோ?"

"இல்லை, அண்ணை."

"ஓம்... நல்லாய்த்தான் பாடியிருக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி தூக்கப் போனார்.

இப்போது அந்தப் பாட்டை யார் பாடிக் கேட்டாலும், இரண்டாம் சரணத்தில் அந்த இருமலுக்காகக் காத்திருக்கிறேன்.