ஆறாவது கட்டத்தில் எழுதியிருந்தது

தாம்பரத்தில் ஏறி மின்சார ரயிலில் என் எதிரே உட்காரும் ஒல்லியான ஆராய்ச்சி மாணவர் அவர். மழை நாளில் ஜன்னல் கம்பியில் தொங்கும் இரண்டு துளிகளை விரலால் நெருக்கி, சேருகின்றனவா என்று பார்ப்பார்.

ஆராய்ச்சி உதவித்தொகை மனுக்களைச் சரிபார்ப்பது என் வேலை. எந்தப் படிவத்துக்கு எத்தனை கையெழுத்து என்று தூக்கத்திலும் சொல்வேன். ஒரு நாள் அவருடைய நீட்டிப்பு மனுவே என் மேசைக்கு வந்தது. ‘முடிவு’ என்ற ஆறாவது கட்டத்தில், ‘அணுக்கருக்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இணைகின்றன’ என்று எழுதியிருந்தார்.

மறுநாள் ரயிலில் கேட்டேன். “என்ன தம்பி, ஒட்டலைன்னா அது எப்படி ரிசல்ட் ஆகும்?”

“கனமான ரெண்டு அணுக்கரு மோதினா, பல தடவை தொட்டுட்டு ஒட்டாமலே பிரிஞ்சிடுது சார். அதான் ரிசல்ட். ஏன்னு பார்க்க இன்னும் ஒரு வருஷம் வேணும்.”

“சேர்ந்ததும் எழுதிக் குடுங்க” என்று சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

‘முடிவு இல்லை’ என்று குறிப்பெழுதி மனுவைத் திருப்பி அனுப்பினேன். அது போய்ச் சேர்வதற்குள் கெடு முடிந்துவிட்டது. பிறகு எதிர் இருக்கையில் அவரைப் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற பின்னும் விதிகள் எனக்கு மறக்கவில்லை. ஆறாவது கட்டம் காலியாக இருந்தால் மட்டுமே மனுவைத் திருப்ப வேண்டும். அவர் அதைக் காலியாக விடவில்லை.