அட்டை வீட்டின் வாசல்

பக்கத்து வீட்டுப் பிள்ளை அட்டைக்கு மைதாப் பசை தடவினாள். அந்த வாசனையில், ஜவ்வாது மலையில் அப்பா வீடு கட்டத் தொடங்கிய வருடம் நினைவுக்கு வந்தது. நடக்க முடியாத சாந்தி அக்காவுக்கு அப்போதுதான் சக்கர நாற்காலி கிடைத்திருந்தது.

வாசல் இரண்டடி அகலம் என்றார் மேஸ்திரி. அக்கா அதை அறுபது சென்டிமீட்டர் என்று மாற்றி, வீட்டை இருபதில் ஒரு பங்காக அட்டையில் செய்தாள். வாசல் மூன்று சென்டிமீட்டர் வந்தது. அறுபத்தைந்து சென்டிமீட்டர் நாற்காலியோ அதே கணக்கில் மூன்றேகால். அட்டை நாற்காலி வாசலில் சிக்கி நின்றது.

"இன்னா மேஸ்திரி, நான் வெளியவே குந்திக்கினு இருக்கணுமா?"

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "மூணடியா வச்சிடறேன் கண்ணு. படியும் வேணாம், சரிவா போட்டுடறேன்."

கிரகப்பிரவேசத்தன்று நாற்காலியைத் தள்ள அப்பா வந்தார். "வுடுப்பா, நானே போறேன்" என்ற அக்கா, சக்கரத்தை உருட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் உள்ளே போனாள்.