சாண விளக்கு

மண்ணெண்ணெய் கிடைக்காமல் போன அந்த வருடம், எங்கள் குப்பத்து மன்றத்தில் நடந்துகொண்டிருந்த மாலை வகுப்பு நின்றுபோகிற நிலைக்கு வந்தது. திருவொற்றியூரில் கடலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. புறம்போக்கு என்பதால் மின் இணைப்பு இல்லை. எண்ணூரில் கரி எரித்து எடுத்த மின்சாரம் எங்கள் தலைக்கு மேலே கம்பியில் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மேற்கே மணலியில் கச்சா எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே நாங்கள் ரேஷன் கடை வாசலில் தகர டின்னோடு நின்றோம்.

மன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அரைச் சுவர், ஓலைக் கூரை, ஒரு நாளிதழ், ஒரு கேரம் பலகை, ஒரு பெட்ரோமாக்ஸ். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பகலில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை பழகினேன், மாலையில் மன்றத்தில் பாடம் சொன்னேன். என்னிடம் படிக்க வந்தவர்கள் பகலெல்லாம் மீன் அறுக்கிற பெண்கள். அவர்களில் என் தங்கையும் ஒருத்தி.

அவள் ஐந்தாவதோடு நின்றவள். பக்கத்தில் ஒரு கம்பெனியில் மருந்து பாட்டில்களைப் பெட்டியில் அடுக்குகிற வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒருநாள் தனியாகவே போய்க் கேட்டிருக்கிறாள். எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தவள் அழவில்லை. "ண்ணே, எட்டாவது பரிச்ச எப்ப வருது?" என்று கேட்டாள். பங்குனியில் தனித்தேர்வு இருந்தது. அடுத்த முறை ஆள் எடுப்பது அதை ஒட்டித்தான். விளக்கு இல்லையென்றால் படிப்பு இல்லை. படிப்பு இல்லையென்றால் அவள் அம்மாவோடு அரிவாள்மனை முன்னால் உட்கார வேண்டியதுதான்.

சாணத்திலிருந்து வாயு எடுத்து விளக்கு எரிப்பதை நான் ஒரு பொருட்காட்சியில் பார்த்திருந்தேன். விளக்கிச் சொன்னவரை அவர் சலித்துப்போகிற அளவுக்குக் கேள்வி கேட்டு, தொட்டி எப்படி, மூடி எப்படி என்று மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதை மன்றத்துக் கூட்டத்தில் சொன்னேன்.

"மீன் நாத்தம் பத்தாதுன்னு சாணி நாத்தம் வேறயா?" என்றார் ஒருவர்.

"அவ்ளோ தொல்ல எதுக்கு மாமு? எருமைக்குப் பின்னால போய் நெருப்புக்குச்சி கிழிச்சாப் போதுமே" என்றார் இன்னொருவர். மன்றமே சிரித்தது.

ஊர் நாட்டார் மட்டும் சிரிக்கவில்லை. குப்பத்தில் அவர் சொல்வதுதான் முடிவு.

"எரியலன்னா இன்னா பண்ணுவ?"

"எரியும் நாட்டாரே."

"எரியலன்னான்னு கேட்டேன்."

"எரியற வரைக்கும் பண்ணுவேன்."

மன்றத்துக்குப் பின்வீட்டில் கருவாடு போடுகிற அத்தை எழுந்து நின்றாள். "வெளக்கு மட்டும் எரிஞ்சா எங்களுக்கு இன்னா? டீத்தண்ணி வைக்க ஒரு அடுப்பும் எரியணும். அப்டின்னா சொல்லு, நான் தொட்டியப் பாத்துக்கறேன்." அடுப்பும் உண்டு என்று சொன்னேன். அதோடு பெண்கள் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள்.

தொட்டியை நாங்களே தோண்டிச் செங்கல் வைத்துப் பூசினோம். மேலே கவிழ்க்க ஒரு பெரிய இரும்பு மூடி தேவைப்பட்டது. துறைமுகத்தில் கழித்துப்போட்ட பழைய மிதவை ஒன்று, நாங்கள் போயா என்போம், ராயபுரத்தில் நாட்டாருக்குப் பழக்கமான ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதை மாட்டுவண்டியில் கொண்டுவந்து, பட்டறையில் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, குறுக்கே அறுத்தேன். பாதி மிதவை சாணக் கரைசலின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தது. அடியில் வாயு சேரச் சேர அது மேலே எழும்பும். உச்சியிலிருந்து ஒரு குழாய் மன்றத்துக்குள் போகும்.

எங்கள் குப்பத்தில் மீனைப் பங்கு போடும்போது ஊருக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவது வழக்கம். இந்த வேலையையும் அப்படியே பிரித்தார் நாட்டார். ஒவ்வொரு சந்துக்கும் ஒரு நாள் முறை. அந்த முறைக்காரர்கள் எருமைக் கொட்டகையில் சாணம் வாங்கி வந்து கரைத்து ஊற்ற வேண்டும். கடலோரக் கிணறு கரிப்பு என்பதால், வீட்டுக்கு ஒரு குடம் குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நிற்க வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய பங்கு என்று தெரியும்.

கார்த்திகை முடிவதற்குள் விளக்கு எரிந்தது. எருமைக்குப் பின்னால் குச்சி கிழிக்கச் சொன்னவரே அதன் எதிரில் உட்கார்ந்து நாளிதழை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தார். தங்கை பின்னங்களைக் கடந்து வட்டிக் கணக்குக்கு வந்தாள்.

பிறகு வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. எழும்பி நின்ற மிதவை நாளுக்கு நாள் இறங்கியது. எங்காவது கசிகிறதா என்று குழாய் இணைப்பிலெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. மார்கழிக் குளிர் என்று நினைத்தேன். கடைசியில் சாணத்தின்மேல் சந்தேகம் வந்து, எருமைக்காரரிடம் போய் வைக்கோலைக் கலந்து தருகிறீர்களா என்று சண்டை பிடித்தேன்.

"இன்னா நைனா, எம் மாடு போட்றத நானா குந்திகினு செய்றேன்? வேணும்னா அதாண்டயே கேளு" என்று கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டார்.

இதற்கிடையில் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் எங்கள் விளக்கைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தார்கள். நான் குச்சி குச்சியாகக் கிழித்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"ஷோக்கா கீதுப்பா வெளக்கு. நல்லா இருட்டனப்புறம்தான் தெரியுமோ?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

எங்களுக்கு நேர்ந்த அவமானத்தைப் பொறுக்காமல் அத்தை முன்னால் வந்தாள். "வெளக்கப் பாக்காத, தொட்டியப் பாரு. வெளியாளு வர்றாங்களே, கலீஜா இருக்கக் கூடாதுன்னு நான் எப்டி வச்சிகினு கீறேன் பாரு. மொதல்ல சுத்தி புழுவா நெளிஞ்சிகினு இருந்துச்சு. தெனம் காத்தால கருவாட்டுக்குப் போடும்போது இதுக்கும் ஒரு கூடை உப்பு கொட்னேன். இப்ப ஒரே ஒரு புழு காட்டு."

"உப்பா போட்ட அத்தை?"

"பின்ன, சக்கரையா?"

மீன் கெடப் பார்த்தால் எங்கள் வீட்டுக் கை தானாக உப்புக்குப் போகும். பிறந்ததிலிருந்து பார்த்தது அதைத்தான். கெடாமல் காப்பாற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. முறைபோட்டு வந்த எல்லாரும் அவள் உப்புக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். அதில் கேட்பதற்கு ஏதாவது இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அத்தை, அது அழுகணும். அழுகினாத்தான் வாயு வரும். உப்பு போட்டா அழுகாது."

"அழுக வைக்கறதுக்கா இம்மாம் பாடு பட்டோம்?" என்றாள் திகைத்துப்போய். "இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். நாட்டார் துண்டை உதறித் தோளில் போட்டார். "பேஜாரு வேணாம். கிருஷ்ணாயில் வர்ற வரைக்கும் மன்றத்த சாத்தி வைப்போம். பொண்ணுங்க வர்ற வருசம் எழுதட்டும்."

ஆண்கள் பேசுகிற இடத்தில் அதுவரை வாய் திறக்காத என் தங்கை தூண் மறைவிலிருந்து வெளியே வந்தாள். "வர்ற வருசம் வரைக்கும் கம்பெனில எனக்கு எடம் புட்ச்சி வச்சிகினு இருப்பாங்களா நாட்டாரே?"

அத்தை முந்திக்கொண்டாள். "நான் போட்ட உப்பு. நான் அள்ளிக் கொட்றேன். யாரு வர்றீங்க?"

காற்று சரியில்லாமல் கட்டுமரங்கள் கரையில் கிடந்த ஒரு நாள் அந்த வேலையைச் செய்தோம். கரைவலை இழுக்கிற கூட்டம் அதே கயிற்றோடு வந்து, அதே வரிசையில் நின்று, மிதவையைத் தூக்கி மணலில் வைத்தது. கரைசலைக் கைமாற்றிக் கைமாற்றி வாளியில் வெளியேற்றினோம். தொட்டிக்குள் இறங்கிய பெண்கள் செங்கலைத் தேய்த்துக் கழுவினார்கள், அதுவும் நல்ல தண்ணீரில். அத்தை ஒவ்வொரு கழுவலுக்கும் சுவரில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "ஐயே, தூ!" என்று எல்லாரும் கத்தினார்கள். "இன்னும் கரிக்குது. ஊத்து" என்றாள் அவள்.

புதுச் சாணம் சீக்கிரம் வாயு விட வேண்டுமானால், ஏற்கெனவே குமிழி விடுகிற பழைய சாணம் கொஞ்சம் வேண்டும். அது இருந்தது எருமைக்காரரின் குழியில். நாட்டாரும் நானும் போய் நின்றோம்.

"மாட்டாண்ட கேட்டியா? அது இன்னா சொல்லிச்சு?" என்றார் அவர்.

"எம்மேல தப்புன்னு சொல்லிச்சு" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்து, மண்வெட்டியை அவரே எடுத்துக் கொடுத்தார்.

வாயு வரும்வரை பெண்கள் திருவொற்றியூர் ரயில் நிலைய விளக்கடியில் உட்கார்ந்து படித்தார்கள். கும்மிடிப்பூண்டி வண்டி வரும்போதெல்லாம் புத்தகத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டு பயணிகளுக்கு வழிவிட வேண்டியிருந்தது. சில நாள் விரட்டினார்கள், மறுநாளும் போனார்கள். நான் காலையும் மாலையும் மிதவையைத் தொட்டுப் பார்த்தேன். மாசியில் அது அசைந்தது. பிறகு விரல் விரலாக எழும்பியது.

ஆனால் விளக்கு, அடுப்பு இரண்டுக்கும் போதவில்லை. அடுப்புக்குப் போகிற குழாயை அத்தையே துணி சுற்றி அடைத்தாள். "டீ கடைல குட்ச்சிக்கலாம். பரிச்ச கடைல கெடைக்காது."

என் தங்கை தேறினாள். ஆறு பேர் எழுதி நான்கு பேர் தேறினார்கள், தவறிய இருவரும் மறுமுறை எழுதினார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேர்வு முடிவு வந்த நாளைவிடக் கணக்குத் தேர்வுக்கு முந்தைய மாலைதான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

அன்று வாயு குறைவு. விளக்கு சிவந்து மினுக்கியது. மிதவையின் மேல் பாரம் ஏற்றினால் மிச்சமிருக்கிற வாயு அழுத்தத்தோடு வரும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அத்தை புடவையைச் செருகிக்கொண்டு ஏறி அதன் உச்சியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வெளிச்சம் வெள்ளையாகச் சீறியது. இன்னும் இரண்டு பெண்கள் ஏறினார்கள். எருமைக்குப் பின்னால் குச்சி கிழிக்கச் சொன்னவர் கீழே நின்று, "பாத்து, போயா முழுவிடப் போவுது" என்றார். "முழுவுனா நீ வலை போட்டு எடு" என்றாள் அத்தை. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பொண்ணே, முடிஞ்சிதா? எறங்கலாமா?"

"வட்டிக் கணக்கு இன்னும் ரெண்டு கீது அத்தை."

"போடு போடு. நல்லா குந்திகினுதான் கீறேன்."