மூன்று அதிர்வேட்டு

வளவனூரைத் தாண்டி எங்கள் ஊர். விழுப்புரத்தில் தபால் ஆபீஸ் வேலை முடிந்து வந்ததும் ஏரிக்கரையில் போய் நின்றுவிடுவேன். பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய பைனாகுலர், ஒரு பக்கம் மங்கல். ஏரிக்குள்ளிருந்த கருவேல மரங்களில் கொக்கும் வக்காவும் கூடு கட்டியிருந்தன. அவற்றை எண்ணி நோட்டில் எழுதுவேன். எண்ணி என்ன செய்யப்போகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தை மாதம், அந்த மரங்களை ஏலம் விடப்போவதாகத் தண்டோரா போட்டார்கள். கூட்டில் முட்டையும் குஞ்சுமாக இருந்த நேரம். பதில் வராது என்கிற தைரியத்தில் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். அதிகாரி நேரில் வருவதாகப் பதில் வந்துவிட்டது. பறவை இருந்தால் ஏலம் நிற்கும்; இல்லாவிட்டால் கோடாலிதான்.

அதற்கு முன்பே, மாதா கோயில் தேருக்கும் அம்மன் கோயில் தேருக்கும் ஏரிப்பக்கம் வேட்டு போடக்கூடாது என்று இரண்டு தரப்பிடமும் கெஞ்சிக் கூத்தாடி ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன். ஒருவர் போடாவிட்டால் மற்றவருக்கும் போட்டி இல்லை. பிழைப்பு போனது வேட்டுக்காரருக்கு மட்டும். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதிகாரி வருகிற அன்று அந்த வேட்டுக்காரரே என் வீடு தேடி வந்தார்.

"ஆபீசர் வர்றாரு. சும்மாவா சார் இட்டுக்கினு வர்றது?"

பெரிய மனிதர் வந்தால் வேட்டுப் போட்டு அழைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். வருகிறவரோ என் கடிதத்தைப் படித்துவிட்டு வருகிறவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. "மூணே மூணு போடுங்க" என்றேன்.

ஜீப் கரையேறியது. மூன்றும் வெடித்தன. மொத்தப் பறவையும் கிளம்பிப் போய்விட்டது. கழுத்தில் மாலையோடு அதிகாரி வெறும் மரங்களைப் பார்த்தார்.

"எங்க சார் பறவை?"

நான் வானத்தைக் காட்டினேன். வானத்தை யாரும் ஏலம் விடவில்லை என்றார்.

வந்ததற்கு, தண்ணீர் வற்றியிருந்த கரையோர மரத்தடி வரை நடந்தார். வக்காக் குஞ்சு பயந்தால் தின்ற மீனைக் கக்கிவிடும். அவர் சட்டையில் கக்கியது. அண்ணாந்து பார்த்தார், கூட்டுக்குக் கூடு அலகு நீட்டிக்கொண்டிருந்தது. சட்டையைத் துடைத்தார், குறித்துக்கொண்டார். ஏலம் நின்றது. மரத்தைக் காப்பாற்றியது தன் வேட்டுதான் என்று வேட்டுக்காரர் ஊரெல்லாம் சொன்னார்.

எல்லோரும் போனபின் நான் மரங்களுக்கடியில் போய்ப் பார்த்தேன். தாய்கள் பதறி எழுந்தபோது தட்டிவிட்ட முட்டைகள் உடைந்து கிடந்தன. தண்ணீரில் குஞ்சுகளும் கிடந்தன. பழக்கதோஷம், எண்ணினேன். நோட்டில் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த தேர் வந்தது. ஊர்க் கூட்டத்தில் இரண்டு கோயில்காரர்களும் அதிசயமாக ஒரே குரலில் கேட்டார்கள்:

"ஆபீசருக்குப் போடலாம், சாமிக்குப் போடக்கூடாதா?"

அன்றைக்கு விழுந்தவற்றைச் சொன்னேன். முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை என்றும், போடச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன்.

கடைசி வரிசையிலிருந்து வேட்டுக்காரர் எழுந்தார்.

"இனிமே நான் போடல" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.