தடுத்த வெள்ளம்

மலையில் தண்ணீரைத் தங்கவைப்பதும் தீயை அண்டவிடாமல் பார்ப்பதும்தான் எங்கள் வேலை. இரண்டும் சொன்னபடி கேட்காது என்பது இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல.

பலகை

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், பெருங்கடவிளைக்குக் கிழக்கே, மழைநீர் விழுந்தடித்து இறங்காமல் மண்ணில் ஊறட்டும் என்று ஓடையின் குறுக்கே கல் அடுக்கினோம். பக்கத்தில் ஒரு பலகையும் நட்டேன்: ‘மழை வெள்ளத்தைத் தடுப்போம்.’ பல காலம் சென்னையில் இருந்துவிட்டுத் திரும்பியவன் எழுதிய தமிழ் அது. அங்கே வெள்ளம் என்றால் வீட்டுக்குள் வருவது, இங்கே மலையாளம் கலந்த பேச்சில், குடிப்பது. இரண்டு மொழியிலும் படித்தவன்தான், எழுதும்போது கை மறந்துவிட்டது.

ஓடை இறங்கும் அடிவாரத்தில் வாழை வைத்திருக்கும் ராஜப்பன் அண்ணன், நாலு பேரோடு ஏறி வந்தார். தண்ணீர் மண்ணுக்குள் நின்று, மெதுவாக, கோடையிலும் வரும் என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுப் பலகையைக் காட்டினார்.

“வெள்ளத்தைத் தடுத்துப்போட்டா கீழ கெடக்க நாங்க என்னத்தக் குடிக்கியது சாரே, ஒங்க பலகையையா?”

சரிவு

மேலே கடைசி வீடு செல்லம்மா அக்காவுடையது. ஆடுகள்தான் அவர் பிழைப்பு. வீட்டுக்குக் கீழே, எங்கள் கல்லடுக்கை ஒட்டி, ஊற்றுக்குழி. மாசி பிறந்தாலே வற்றிவிடும். இந்தக் கோடையிலும் வற்றினால் ஆடுகளை விற்றுவிட்டு, கொல்லயில் ஊரில் தன் அண்ணன் வீட்டுக்கு இறங்கிவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

தளிர்ப்புல் வர வேண்டுமென்று வருஷந்தோறும் சரிவில் தீ வைப்பார். தீ வைத்தால் மண் இறுகிப்போகும், மழை உள்ளே இறங்காது என்றேன். வேறெங்கிருந்தாவது தீ வந்தாலும் தாண்டாதபடி, தொழிலுறப்பு என்ற நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களோடு சேர்ந்து காய்ந்த புல்லைச் செதுக்கி அகலமாகக் கோடு போட்டோம். அந்த வருஷம் தீ வைக்காமல் அக்காவும் மண்வெட்டி எடுத்தார்.

“தீ வச்சா ஆட்டுக்கு ஆச்சு, வைக்கலேன்னா ஊத்துக்கு ஆச்சு. எனக்கு ரெண்டும் வேணுமே சாரே!”

மாசி மதியம்

அந்தப் பக்க மலையில் எவனோ போட்ட பீடி. தீ எங்கள் கோடு வரை வந்து நின்றது. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் காற்றில் ஒரு கொள்ளி பறந்து வந்து ஆட்டுக்கொட்டில் பக்கம் விழுந்தது. பச்சைக் குழையால் அடித்தோம், அடங்கவில்லை. கீழேயிருந்து ராஜப்பன் அண்ணனும் ஆட்களும் ஓடி வந்தார்கள்.

“வெள்ளம் உண்டு! வெள்ளம் உண்டு!” என்று குழியிலிருந்து அக்கா கத்தினார். அந்தச் சொல்லைக் கேட்டால் மாடிக்கு ஓடிப் பழகியவன் நான். அன்று அதை நோக்கி ஓடினேன். வாளி கைமாறிக் கைமாறி வந்தது. கொட்டில் தப்பியது. குழியில் அடிச்சேறு தெரிந்தது. கடைசி வாளியை என்னிடம் நீட்டும்போது ராஜப்பன் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பிடியும் சாரே, நீங்க தடுத்த வெள்ளமாக்கும்.”

மறுநாள்

விடிந்ததும் ஏறிப் போனேன். அக்கா குழி ஓரத்தில் குந்தியிருந்தார், ஆடுகள் பின்னால் நின்றன. எட்டிப் பார்த்தேன். சாம்பல் மிதக்க, கணுக்கால் அளவுக்கு ஊறியிருந்தது. அவர் ஒரு சிரட்டையில் மொண்டு பார்த்தார். திரும்ப ஊற்றினார்.

“கலங்கிக் கெடக்கு. தெளியட்டு, அண்ணன் வீட்டுக்குப் போறதப் பெறவு பாக்கலாம்.”

ஒருத்தி மலையிறங்குவதை ஒரு கோடைக்குத் தள்ளிப்போட்டதுதான் எங்கள் சாதனை, அதைப் பலகையில் எழுத மட்டும் இப்போது பயமாக இருக்கிறது.