டாக்டர் வைத்திருந்த கார்

பழைய கார் பார்க்கப் போகும்போது கூட ஒரு ஆண்பிள்ளை இருந்தால் நல்லது என்று யாரோ கிரேஸ் டீச்சரிடம் சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். போனேன்.

நான் ஆண்பிள்ளை. அது வரைக்கும் சரி. ஆனால் எனக்கு கார் ஓட்டத் தெரியாது! இதை டீச்சர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கிரேஸ் டீச்சர் சேலையூரில் எங்கள் எதிர்வீடு. ஹைஸ்கூலில் கணக்கு எடுக்கிறார். கணவர் ஜெயராஜ் சாருக்கு எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பேச்சும் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். வாரத்துக்கு மூன்று நாள் குரோம்பேட்டையில் பிசியோதெரபி.

ஆட்டோவில் போய் வந்துகொண்டிருந்தார்கள். நமக்கு ஆட்டோவில் ஏறுவது ஒரு விஷயமே இல்லை. ஜெயராஜ் சாருக்கு? குனிய வேண்டும், உட்கார வேண்டும், இடது காலை வலது கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். ஒருநாள் கால் முழுசாக உள்ளே வருவதற்குள் ஆட்டோ நகர்ந்துவிட்டது. முழங்காலில் தையல் போடும்படி ஆயிற்று.

மறுநாளே டீச்சர் டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டினார். வயது நாற்பத்தாறு. அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. மூன்று மாதத்தில் கையில் லைசென்ஸ். புதுக் கார் வாங்க வசதியில்லை. அதனால்தான் ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே, எலுமிச்சம்பழம் கட்டிய பத்து கார்களுக்கு முன்னால் நாங்கள் நின்றோம்.

டீலருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வாய் நிறையச் சிரிப்பு. வாங்கப் போவது டீச்சர். பணம் டீச்சருடையது. ஆனால் அவர் பேசியதெல்லாம் என்னிடம்தான்.

"சார், இந்த வெள்ளை வண்டியப் பாருங்க. டாக்டர் வச்சிருந்தது சார், ஒரே ஓனர். வூட்டுக்கும் கிளினிக்குக்கும் போய் வந்துகினு இருந்தது. அவ்ளோதான். கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போலாம்!"

பானெட்டைத் திறந்து காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். அடுத்த வீட்டு சமையலறையை எட்டிப் பார்க்கிற மாதிரி... எது எங்கே இருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. "ம்ம்ம்" என்றேன். பிறகு முன் டயரை ஓர் உதை உதைத்தேன்.

பழைய கார் வாங்கப் போகும் எல்லோரும் டயரை உதைக்கிறோமே, எதற்கு? உதை வாங்கிய டயர் இதுவரை யாருக்காவது பதில் சொல்லியிருக்கிறதா? நமக்கும் விவரம் தெரியும் என்று டீலருக்குக் காட்டுவதற்காக உதைக்கிறோம். உதைக்கிற ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று டீலர் அந்த நிமிஷமே தெரிந்துகொள்கிறார்!

"ஆர்.சி. புக் எங்கே தம்பி?" டீச்சர் கேட்டார்.

"ஃபைனான்ஸ் ஆபீஸ்ல கீது மேடம். புதன்கிழமை கைக்கு வந்துரும்." பதில் டீச்சருக்கு, பார்வை என் மேல். "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வராங்க சார். அட்வான்ஸ் குடுத்தா நிறுத்தி வைக்கலாம். இல்லாங்காட்டி என் கையில இல்ல."

டீச்சர் யோசித்தார். என்னைப் பார்த்தார். மீட்டர் இருபத்திநாலாயிரம் காட்டியது. பெயின்ட் பளபளத்தது. நான் சொன்னேன்: "குடுத்துடலாம் டீச்சர். வண்டி நல்லாத்தான் இருக்கு."

எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

டீச்சர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அவர் சம்பளத்தில் பாதிக்கு மேல். டீலர் ரசீதில் கையெழுத்துப் போடப் போனபோது, "கொஞ்சம் இருங்க தம்பி" என்றார் டீச்சர். "இப்ப சொன்னீங்களே, அதையும் எழுதிடுங்க. டாக்டர் ஓட்டின வண்டி. ஒரே ஓனர். ஆர்.சி. புக் பார்த்து, ஓட்டிப் பார்த்து, சொன்னபடி இல்லேன்னா அட்வான்ஸ் வாபஸ்."

எனக்கு சங்கடமாகிவிட்டது. இவ்வளவு சிரித்துப் பேசுகிற மனிதரிடம் இப்படியா? டீலரும் சிரித்துக்கொண்டேதான் எழுதினார். பணம் அதற்குள் மேஜை டிராயருக்குள் போயிருந்தது.

புதன்கிழமை ஆர்.சி. புக் வரவில்லை. வியாழக்கிழமை ஸ்கூல் விட்டதும் டீச்சர் என்னையும் அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

"ஓட்டிப் பார்க்கணும் தம்பி."

"சார் ஓட்டட்டுமே மேடம்." சாவி என் பக்கம் நீண்டது.

"எனக்கு... ஓட்டத் தெரியாதுங்க" என்றேன்.

டீலர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. சனிக்கிழமை அவர் பானெட்டைத் திறந்து காட்டியதெல்லாம் ஒரு ஸ்கூட்டர் ஆசாமியிடம்!

டீச்சர் ஓட்டினார். நான் பின் சீட்டில். தாம்பரம் வரை போய்த் திரும்பினோம். லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில் நிதானமாக, உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். கொட்டகைக்கு வந்ததும் உடனே இறங்கவில்லை. காலடியில் கையால் தடவிப் பார்த்தார்.

"கிளச் பெடல் ரப்பர் மொழுமொழுன்னு தேஞ்சு கிடக்கு சார். ஆக்ஸிலேட்டர் ரப்பர் அப்படியே புதுசா இருக்கு. டாக்டர் கிளச்சை மட்டுமா மிதிச்சார்?"

இறங்கி, சுற்றி வந்து, முன்னால் இடது பக்க சீட்டில் உட்கார்ந்தார். கால் இரண்டையும் நீட்டினார். பிறகு குனிந்து, தரையில் கிடந்த ரப்பர் மேட்டைச் சுருட்டித் தூக்கினார்.

கீழே நான்கு ஓட்டைகள். அடைத்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை.

"இங்கதான் சார் என் மாஸ்டர் கால் வச்சிருப்பார்" என்றார் டீச்சர். "அவர் பக்கத்துல ஒரு கிளச், ஒரு பிரேக். நான் தப்பு பண்ணா அவர் மிதிப்பார். மூணு மாசம் ரோட்டைப் பார்த்ததைவிட அவர் காலைத்தான் அதிகம் பார்த்தேன். இது டிரைவிங் ஸ்கூல் வண்டி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை பேர் கிளச்சை மிதித்து மிதித்துப் பழகிய வண்டி! பக்கத்தில் நடக்க முடியாத மனிதரை உட்கார வைத்துக்கொண்டு போகும்போது ரயில்வே கேட்டுக்கு நடுவில் இது நின்றுவிட்டால்? நான்தானே 'நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னேன்?

டீலர் சிரிப்பை நிறுத்தவில்லை. "அலாரம் வைக்க யாரோ ஓட்டை போட்டுக்கிறாங்க மேடம்."

"சரி தம்பி. எனக்கு இந்த வண்டி வேண்டாம். அட்வான்ஸைக் குடுங்க."

"அட்வான்ஸ் திரும்பாது மேடம். வேற வண்டி எடுத்துக்கங்க."

டீச்சர் ரசீதை நீட்டினார்.

"அதெல்லாம் சும்மா எழுதறது மேடம். கோர்ட்டுக்குன்னா போங்க. நாலு வருஷம் ஆவும்."

வெளியே வந்ததும் நான் சொன்னேன், "விட்டுடுங்க டீச்சர். போனது போகட்டும். இவங்ககிட்டல்லாம் மோத முடியுமா?" நடுத்தர வர்க்கத்தின் தேசிய கீதம் இதுதானே!

டீச்சர் நின்றார். "தப்பான விடைக்கு நான் மார்க் போட்டதே இல்ல சார்" என்றார்.

அடுத்த நாள் சாயங்காலம் நாலே முக்காலுக்கு டீச்சர் கொட்டகைக்குப் போனார். கையில் ஒரு பை. பை நிறைய காலாண்டுப் பரீட்சைப் பேப்பர். கஸ்டமர்களுக்குப் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, சிவப்பு மை பேனாவைத் திறந்து, திருத்த ஆரம்பித்தார்.

"இன்னா மேடம்?"

"அட்வான்ஸ் தம்பி. நீங்க தர்ற வரைக்கும் காத்திருக்கேன். உங்க வேலையைப் பாருங்க, எனக்கும் வேலை இருக்கு."

முதல் நாள் டீலர் காபி வாங்கிக் கொடுத்தார். டீச்சர் நன்றி சொல்லிக் குடித்தார். ஏழு மணிக்கு எழுந்து வீட்டுக்கு வந்தார். இரண்டாவது நாள் மின்விசிறி நின்றது. டீச்சர் ஒரு பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார்.

மூன்றாவது நாள் நானும் போனேன். வீட்டில் உட்கார முடியவில்லை. வாயை விட்டவன் நான், உட்கார்ந்திருப்பவர் அவரா? டீச்சர் பக்கத்து நாற்காலியைக் காட்டி, ஒரு கட்டுப் பேப்பரை மடியில் வைத்தார். "கூட்டல் மட்டும் பாருங்க சார். விடை சரியா தப்பான்னு நீங்க பார்க்க வேண்டாம்."

எனக்கு அது தேவைதான்!

அன்றைக்கு ஸ்கூட்டரில் ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, நடுவில் நசுங்கிய ஒரு பெண் குழந்தை. அதே வெள்ளைக் காருக்கு முன்னால்தான் போய் நின்றார்கள். "டாக்டர் வச்சிருந்த வண்டி சார்..." என்று ஆரம்பித்த டீலர், எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அந்த மனைவி டீச்சரிடம் வந்தார். "நீங்களும் கார் வாங்க வந்தீங்களாக்கா?"

"இல்லம்மா. குடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்க வந்திருக்கேன்."

"ஏன்க்கா? எந்த வண்டிக்கு?"

"அதோ, உங்க வீட்டுக்காரர் டயரை உதைக்கிறாரே... அதுக்குத்தான்." பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "முன்னால இடது பக்கம் மேட்டைத் தூக்கிப் பாருங்க."

அவர்கள் தூக்கிப் பார்த்தார்கள். கிளம்பிவிட்டார்கள்.

டீலர் பாய்ந்து வந்தார். "இன்னாம்மா, யாவாரத்தைக் கெடுக்கிறியா? பொம்பளையாச்சேன்னு பாக்கறேன்!"

நான் எழுந்து நின்றேன். டீச்சர் எழவில்லை.

"தம்பி, நான் பொய் ஏதாவது சொன்னேனா? ஒரு வார்த்தை பொய்யின்னா சொல்லுங்க, இப்பவே போயிடறேன். யாரையும் நானா கூப்பிட்டும் சொல்லல. கேட்டாங்க, சொன்னேன். உங்க கையெழுத்து போட்ட ரசீது என்கிட்ட இருக்கு. எனக்கு இன்னும் நூத்திருபது பேப்பர் திருத்தணும். அது முடிஞ்சா அரையாண்டுப் பரீட்சை வரும்."

டீலர் எதிரே உட்கார்ந்துவிட்டார். "இன்னா சார் இது பேஜாரு" என்றார் என்னிடம். இந்த முறை என்னிடம் பேசியதில் வியாபாரம் இல்லை, சொந்த வருத்தம்தான்.

நான்காவது நாள் நாங்கள் போனபோது பணம் மேஜை மேல் இருந்தது. டீச்சர் எண்ணிப் பார்த்தார். ரசீதின் பின்னால் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விட்டது தொல்லை என்று நான் வாசல் பக்கம் நடந்தேன்.

பின்னால் டீச்சர் குரல் கேட்டது. "சரி தம்பி, இப்ப வேற வண்டி காட்டுங்க."

எனக்கும் டீலருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு நின்றது.

"டீச்சர், இவன்கிட்டயா?" என்று காதோரம் கேட்டேன்.

"வேற இடத்துக்குப் போனா முதல்லேருந்து ஆரம்பிக்கணும் சார். இந்த ரோட்டுலேயே இனிமே என்னை ஏமாத்தப் பார்க்காத ஒரே டீலர் இவர்தான்."

டீலர் ஓரத்தில் நின்ற ஒரு நீலக் காரைக் காட்டினார். பளபளப்பு கிடையாது. "இதுல டாக்டர், வக்கீல்னு கதை ஒண்ணும் இல்ல டீச்சரம்மா. ஆர்.சி. புக் இந்தா. பழைய ஓனர் நங்கநல்லூர். நீங்களே போய்க் கேட்டுக்கங்க."

கேட்காமல் விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போனார். ரிட்டயரான பெரியவர் ஒருவர். ஒன்றையும் மறைக்கவில்லை. காலையில் இரண்டாவது கியர் அடம் பிடிக்கும். மழை பெய்தால் பின் கதவு வழியாகத் தண்ணீர் வரும். ஒருமுறை லாரி இடித்து டிக்கி மாற்றியது. டீச்சர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். தன் டிரைவிங் மாஸ்டரைக் கூட்டிவந்து வண்டியைக் காட்டினார். பெயர் மாற்றும் படிவங்களில் பெரியவரின் கையெழுத்து விழுந்த பிறகுதான் மீதிப் பணம்.

"இவ்வளவு குறை இருக்கே டீச்சர்?" என்று கேட்டேன்.

"குறை இல்லாத பழைய வண்டி எங்க சார் கிடைக்கும்? என்ன குறைன்னு தெரிஞ்ச வண்டி கிடைச்சா போதும்."

கார்களுக்கு மட்டும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

போன புதன்கிழமை காலையில் முதல் சவாரி. குரோம்பேட்டை பிசியோதெரபிக்கு. அது முடிந்ததும் டீச்சர் ஸ்கூலுக்குப் போக வேண்டும். எனக்குப் பின் சீட். ஜெயராஜ் சார் கதவைப் பிடித்து, மெதுவாகத் திரும்பி உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். டீச்சர் இன்ஜினைக்கூட ஸ்டார்ட் செய்யவில்லை. அவர் தலையசைத்த பிறகுதான் சாவியைத் திருகினார்.

கேம்ப் ரோடு முனைக்கு வந்தோம். இடது பக்கம் திரும்பினால் தாம்பரம், குரோம்பேட்டை. டீச்சர் திரும்பப் போகும்போது, ஜெயராஜ் சார் வலது கையை நீட்டினார். வலது பக்கம். மேடவாக்கம் ரோடு.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றார் டீச்சர்.

"க... கடல்" என்றார் அவர்.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. டீச்சர் கணவரைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். எட்டு மாதமாக அந்த மனிதர் சிகிச்சையைத் தவிர வேறெதற்கும் வீட்டைவிட்டு வெளியே வந்ததில்லை. டீச்சர் வண்டியை வலது பக்கம் திருப்பினார். மேடவாக்கம் போய், பெரும்பாக்கம் வழியாக, சோழிங்கநல்லூரைத் தாண்டி... ஒரு மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்று பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இருபத்திரண்டு வருட சர்வீஸில் கிரேஸ் டீச்சர் கிளாஸ் கட் அடித்தது அன்றைக்கு ஒருநாள்தான்!