சீனன்குடாவைத் தாண்டிய சுண்ணாம்பு

குறிஞ்சாக்கேணிப் பிள்ளைகளின் கடைவாய்ப் பற்களைப் பறிப்பது பல்லை அரிக்கும் சூத்தை இல்லை. திருகோணமலையில் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு, பல் மருந்துக்குப் படையினரிடம் அனுமதி வாங்கித்தர மறுக்கிற ஒரு சுகாதார அலுவலகம்தான் பறிக்கிறது.

சமாதானப் பேச்சு குலைந்து மறுபடியும் சண்டை தொடங்கியபின் வெடிமருந்தாக இருக்கும் என்ற சந்தேகத்தில், வெள்ளைத் தூள் எதையும் சோதனைச்சாவடியைத் தாண்ட விடுவதில்லை. என் மச்சாள் சுகந்தி பாடசாலைப் பிள்ளைகளின் பல் பார்ப்பவள். போன மாதம் அவள் கொண்டுபோன கல்சியம் ஹைட்ரொக்சைட் தூளை ஒரு சிப்பாய் றோட்டோரம் கொட்டிவிட்டான். ஆழமான சூத்தையின் அடியில் அதைப் பூசினால் கிருமி அடங்கும். நரம்புக்கு மேலே பல் தானே ஒரு புதுச் சுவர் எழுப்பிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் குறட்டால் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான்.

குறட்டுக்குக் காத்திருந்தவள் ரினோஸா. ஏழு வயது. சூத்தை பிடித்திருந்தது அவளுடைய நிரந்தரக் கடைவாய்ப்பல்லை. அது போனால் இன்னொன்று முளைக்காது. "அடுத்த முறை மருந்தோட வாறன், அதுவரைக்கும் ஒருத்தரும் புடுங்கக்கூடாது" என்று சுகந்தி அவளுடைய வாப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சுகந்திக்கு உதவியாக வருகிற இளம்பெண் பயத்தில் வேலையை விட்டுவிட்டாள். அதனால் டோர்ச் பிடிக்க நான் போனேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் குசினியில் சமைக்கும்போது சுகந்திக்கு ஒரு யோசனை வந்தது. "தூளைத்தானே விடமாட்டாங்கள்? களியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே." தூளை வடித்த நீரில் குழைத்து, கொதிக்கவைத்து ஆறவிட்ட சின்னப் போத்தலில் விளிம்பு வரை அடைத்தாள். காற்றுப் பட்டால் அதன் வீரியம் போய்விடும். பார்த்தால் வெற்றிலைச் சுண்ணாம்பேதான். உண்மையும் அதுதான்: அதே பொருள், ஆனால் சுத்தமானது.

காலை ஆறரைக்குத் திருகோணமலையில் கிண்ணியாத் துறை பஸ். ஆளுக்கு முப்பது ரூபாய். மொத்தத் தூரம் இருபது கிலோமீற்றர் அளவில்தான். ஆனால் ஒன்பதரைக்கு முன்னர் துறையில் நிற்போம் என்று யாரும் கனவு காணாதீர்கள். சீனன்குடாச் சோதனைச்சாவடியில் எல்லாரும் இறங்கி, பையைத் திறந்து, வரிசையில் நடக்க வேண்டும். ஒரு பக்கம் எண்ணெய்த் தாங்கிகள், மறுபக்கம் கம்பிவேலி. படம் எடுக்காதீர்கள்.

சிப்பாய் போத்தலைத் தூக்கிப் பிடித்தான். "இது என்ன?"

"சுண்ணாம்பு" என்றாள் சுகந்தி சிங்களத்தில்.

அவன் மூடியைத் திறந்து முகர்ந்தான். பிறகு கொச்சைத் தமிழில், "அக்கா, வெத்தில எங்க?"

எங்கள் பையில் வெற்றிலை இல்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற வயதான கிண்ணியா உம்மா ஒருவர் கூடையைத் தட்டினார். "வெத்தில என்னட்டக் கிடக்கு தம்பி. பாக்கும் கிடக்கு. நீயும் ஒரு வாய் போடன், நிண்டு நிண்டு காஞ்சு போனாய்."

வரிசை சிரித்தது. சிப்பாயும் சிரித்துவிட்டுப் போத்தலைத் திருப்பித் தந்தான். பஸ் ஏறியதும் அந்த உம்மா சுகந்தியிடம், "என்ன மகள், நோய் மருந்தா?" என்று மட்டும் கேட்டார். "ஓம் உம்மா, பிள்ளைகளின்ட பல்லுக்கு." அவர் தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனார்.

துறையில் 'பாதை' என்கிற மிதவையில் ஏறி நீரைக் கடந்தோம். அது நிரம்பும்வரை நகராது, குடை கொண்டுபோங்கள். அங்கிருந்து குறிஞ்சாக்கேணிக்கு ஓட்டோ நூறு ரூபாய். ஓட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். "பல்லு மிஸ்" என்று தெரிந்ததும் நூறுக்கு இறங்கி, வழியெல்லாம் தன் சூத்தைப்பல்லின் கதையைச் சொன்னார்.

பாடசாலையில் ரினோஸாவின் கன்னம் வீங்கியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னால், பல்லைச் சுற்றிய முரசுச் சதை வெளிறி வெந்துபோய்க் கிடந்தது.

"என்ன போட்டனீங்கள்?" என்றாள் சுகந்தி.

"நீங்கதானே மிஸ் போன முறை சொன்னீங்க, சுண்ணாம்பு மாதிரி மருந்தெண்டு" என்றார் ரினோஸாவின் உம்மா. "எங்கட வீட்டுச் சுண்ணாம்பையே ஓட்டைக்குள்ள வெச்சன்."

வாப்பா கதிரையை விட்டு எழும்பினார். "ஏலாது மிஸ். புள்ள ரெண்டு ராவா உறங்கல்ல. புடுங்கிடுங்க."

"ஒரு சொட்டுக் குளிர்தண்ணி வைக்கிறன் அண்ணை. பல்லு செத்துப்போயிருந்தா நானே புடுங்குறன்."

பஞ்சை நனைத்துப் பல்லில் வைத்தாள். ரினோஸா கத்திய கத்தில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. பஞ்சை எடுத்தாள், கத்தல் உடனே நின்றது. சுகந்தியின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் கண்டதில்லை. "உசிரோட இருக்கு! எடுத்ததும் நோ நிண்டிட்டுது, நரம்பு நல்லாத்தான் இருக்கு. வெந்தது முரசுதான், அது ஆறிடும். மச்சான், டோர்ச்சைப் பிடி. கை நடுங்கினா உன்ர பல்லைப் புடுங்குவன்."

மின்சாரம் இல்லை. கைக்கருவியால் சூத்தையைச் சுரண்டினாள். நரம்புக்குக் கிட்ட மட்டும் ஒரு மெல்லிய சூத்தைப் படலத்தைச் சுரண்டாமல் விட்டாள். அதன்மேல் எங்கள் சுண்ணாம்பு, அதற்கு மேலே பல் அடைக்கும் சிமெந்து. பிறகு, வெள்ளைப்புள்ளி விழத் தொடங்கிய மற்றப் பிள்ளைகளின் பற்களுக்குக் கல்சியமும் பொஸ்பேற்றும் உள்ள பசையைப் பூசினாள். அது குழாயில் வருவதால் பற்பசை என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் புள்ளிதான் சூத்தையின் தொடக்கம். இந்தக் கட்டத்தில் பிடித்தால் பல் மறுபடி இறுகும், ஓட்டையே விழாது.

நேற்று இரண்டாம் தடவை போய்வந்தோம். ரினோஸா எங்களுக்கு முன்னால் நின்று, அந்தப் பக்கத்தாலேயே வறுத்த கச்சான் கடலையைக் கடித்துக் காட்டினாள். கடகடவென்று சத்தம் கேட்டது. வாப்பா, "இன்னும் ரெண்டு கடி" என்று கை தட்டினார். இந்தப் போரில் நாங்கள் எதையோ வென்றோம் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இந்த வழியால் மருந்தோடு போகிறவர்களுக்கு: அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும். கடைசி மிதவைப் பாதை புறப்படுமுன்னர் திரும்பிவிடுங்கள். தூள் வேண்டாம், களியாகக் குழையுங்கள். வீட்டுச் சுண்ணாம்பை யாரும் வாயில் வைக்கக்கூடாது என்பதைத் தாய்மாருக்கு முதலில் சொல்லுங்கள். நாங்கள் சொல்லத் தவறினோம். பசை பூசுவதற்கு முன்னர், பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளையா என்று கேளுங்கள். அதில் பால் புரதம் இருக்கிறது.

ஆனால் ஒரு பிள்ளையின் மருந்தை வெற்றிலைக் கூடையின் தயவில் கடத்துவது ஒரு வழிமுறை இல்லை. இன்று காலை திருகோணமலையில் அந்தச் சுகாதார அலுவலகத்துக்குப் போய், தூள் போத்தலை மேசையில் வைத்தேன். பெயர் ஒட்டிய போத்தல். அதிகாரி பத்திரிகையை மடிக்கவில்லை.

"ஐயா, வியாழக்கிழமை நாங்கள் திரும்பப் போறம். இதை இப்படியே, பகிரங்கமாக, சீனன்குடாவால கொண்டுபோக அனுமதி வாங்கித் தாங்கோ."